சமயபுரத்தாளுக்கு வேண்டிக்கொண்டு செருப்பில்லாமல் நடந்த கோடை

வேண்டுதலுக்காகக் கொஞ்ச நாள் செருப்பு போடாமல் இருக்கப் போகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். என்ன சாப்பிடலாம், எந்த வீட்டுக்குப் போகக்கூடாது, கோயிலில் எந்தப் பக்கம் மாவிளக்கு போட வேண்டும் என்றெல்லாம் சொல்ல ஊரில் நூறு பேர் வருவார்கள். அதே வெறும் காலோடு திங்கட்கிழமை காலையில் ஆபீசுக்கும் பேங்குக்கும் பிள்ளையின் ஸ்கூலுக்கும் போனால் என்ன நடக்கும் என்று சொல்ல எனக்கு ஒருத்தரும் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் எனக்குக் கொஞ்சம் பணமும் நிறைய அழுகையும் மிச்சமாகியிருக்கும். அதனால்தான் எழுதுகிறேன். நான் திருச்சி, தனியார் கம்பெனி ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை. வீட்டுக்காரர் துபாயில். நான்காம் வகுப்பு படிக்கிற மகளும் நானும் மட்டும்தான் இங்கே.

தம்பிக்கு பைபாஸில் வண்டி மோதி தலையில் அடி. ஐசியூவில் கண் திறக்காமல் கிடந்தான். ஐசியூ வாசலில் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று அங்கே உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும், விவரித்து ஆகப்போவது ஒன்றுமில்லை. அங்கே வைத்துத்தான் வேண்டிக்கொண்டேன். ஆத்தா, இவன் எழுந்து நடந்துட்டா பூச்சொரிதலிலிருந்து சித்திரைத் தேர் வரைக்கும் காலில் செருப்பு போடமாட்டேன், நடந்தே வந்து உனக்கு மாவிளக்கு போடுறேன் என்று. தை மாதம் அவன் கைத்தடி பிடித்துக்கொண்டு வீட்டு வாசல் வரை நடந்து வந்தான். சொன்ன வாக்கு என் பக்கம் வந்துவிட்டது.

சமயபுரம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். திருச்சிக்குப் பக்கத்தில் இருக்கிற மாரியம்மன் கோயில் அது. மாசி மாதம் கடைசி ஞாயிறு பூச்சொரிதல். அன்றிலிருந்து 28 நாள் மாரியம்மனே பக்தர்களுக்காகப் பச்சைப்பட்டினி விரதம் இருக்கிறாள். அந்த நாட்களில் அவளுக்குத் தளிகை, அதாவது சமைத்த நைவேத்தியம் கிடையாது, துள்ளுமாவு, நீர்மோர், பானகம், இளநீர் மாதிரிதான் நைவேத்தியம். அப்புறம் சித்திரை முதல் செவ்வாய் தேர். அவளே பட்டினி கிடக்கும்போது நாம் செருப்பைக் கழற்றுவது பெரிய விஷயமா என்றுதான் அன்றைக்கு நினைத்தேன், இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் ஆங்கில மாதத்தில் இது மார்ச் இரண்டாவது வாரத்திலிருந்து ஏப்ரல் நடு வரைக்கும். திருச்சியில் அந்த வெயிலை எதிர்பார்த்துத் தயாராகிவிட்டுத் தொடங்குங்கள்.

முதல் அடி ஆபீசில் விழுந்தது. எங்கள் ஆபீசில் கார்த்திகை பிறந்தால் பத்துப் பேராவது மாலை போடுவார்கள். எங்கள் மேனேஜரே போடுவார். கறுப்பு வேட்டி, வெறும் கால், மீட்டிங் ரூமிலும் அப்படியேதான் உட்கார்வார்கள். லிஃப்டில் பார்த்தால் எல்லாரும் "சாமி சரணம்" என்பார்கள், கேன்டீனில் அவர்களுக்குத் தனியாகச் சமைத்துக்கூடக் கொடுப்பார்கள். அதைப் பார்த்துப் பழகியதால் எனக்கும் ஒன்றும் ஆகாது என்று நம்பிப் போனேன். முதல் நாள் ரிசப்ஷனில் இருக்கிற பெண் "அக்கா, காலில் அடியா?" என்றாள். சரி, அக்கறை. மத்தியானத்துக்குள் "வீட்டுல ஏதாவது பிரச்சினையா?" என்று ஒருத்தர், "செருப்பு அறுந்துபோச்சா, வேணும்னா என்கிட்ட ஒரு ஜோடி இருக்கு" என்று இன்னொருத்தர். வேண்டுதல் என்று சொன்னால் "ஓ" என்று ஒரு பார்வை, அதோடு சரி. அந்த வாரக் கடைசியில் எச்.ஆரிலிருந்து மெயில் வந்தது, அலுவலகத்துக்குத் தகுந்த தோற்றத்தில் வர வேண்டும் என்று. என் பெயர் மட்டும்தான் அதில் இருந்தது.

அடுத்த வாரம் கிளையன்ட் வருகை. மேனேஜர் கூப்பிட்டு மெதுவாகத்தான் பேசினார், அதை மறுக்கவில்லை. "தப்பா எடுத்துக்காதீங்கம்மா, அவங்க வர்ற வரைக்கும் லீவு போட்டுக்கோங்க" என்றார். தம்பியோடு ஆஸ்பத்திரியில் இருந்ததிலேயே என் லீவெல்லாம் தீர்ந்துபோயிருந்தது, அதனால் சம்பளம் பிடிப்பார்கள் என்று தெரியும். "சார், மாலை போட்டவங்ககிட்ட இப்படிச் சொல்வீங்களா?" என்று கேட்டேன். குரல் நடுங்கியது. அவர் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "அது பார்த்தாலே தெரியும்லம்மா, மாலை இருக்கே." அந்தப் பதில் ரொம்ப நாள் மனசில் கிடந்தது. வெறும் கால் அவருக்குப் பிரச்சினையே இல்லை. ஏன் வெறும் கால் என்று பார்க்கிறவனுக்குத் தெரியாமல் இருப்பதுதான் பிரச்சினை. லீவு போட்டேன். 5,600 ரூபாய் சம்பளத்தில் பிடித்தம்.

இங்கே கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். நீங்கள் வேலைக்குப் போகிறவர் என்றால் விரதம் தொடங்குவதற்கு முன்னாலேயே மேலதிகாரியிடமும் எச்.ஆரிடமும் எழுத்தில் சொல்லிவிடுங்கள். வாயால் சொன்னது நிற்காது. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று முடிவுத் தேதியைப் போடுங்கள், அது தெரிந்தாலே பாதிப் பேர் அமைதியாகிவிடுகிறார்கள். ஆபீசில் மாலை போடுகிறவர்களுக்கு என்ன நடைமுறையோ அதையே எனக்கும் தாருங்கள் என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். ஒர்க்‌ஷாப், சமையல்கூடம், லேப், கட்டட வேலை நடக்கிற இடம் மாதிரி பாதுகாப்புக்காக ஷூ கட்டாயம் என்கிற இடத்தில் வேலை என்றால் மட்டும் வாதாடாதீர்கள், அந்த விதி உங்கள் காலைக் காப்பாற்றத்தான். அங்கே போட்டுக்கொண்டு மற்ற நேரம் கழற்றுகிற மாதிரி வேண்டுதலையே வைத்துக்கொள்ளலாம்.

இனி வெயில். காற்றில் 38, 39 டிகிரி இருக்கிற நாளில் வெயிலில் கிடக்கிற தார்ச்சாலை 60 டிகிரியைத் தொட்டுவிடும். அதில் நின்றால் சில நொடியில் தோல் வெந்துவிடும். நடக்கிறபோதாவது கால் மாற்றி மாற்றி வைக்கிறோம். ஸ்கூட்டியில் போகிறவர்களுக்கு சிக்னல்தான் எமன். வண்டி நின்றதும் இரண்டு காலையும் ஊன்றியாக வேண்டும், எண்பது தொண்ணூறு நொடி, முன்னாலும் போக முடியாது, பின்னாலும் போக முடியாது. ஒரு மத்தியானம் அப்படி ஒரு சிக்னலில் மாட்டிக்கொண்டு இடது பாதத்தில் முன்பக்கம் முழுக்கக் கொப்புளம். வீட்டுக்கு வந்து படியில் உட்கார்ந்தபோது பாதத்தில் ஒட்டியிருந்த தார்த் துணுக்கைப் பிய்க்கவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. மகள் மக்கில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

அவள் செய்ததுதான் சரியான முதலுதவி என்று டாக்டர் பிறகு சொன்னார். சுட்ட இடத்தைக் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்ட வேண்டும். ஐஸ் வைக்கக்கூடாது, டூத்பேஸ்ட், இங்க், மஞ்சள் எதுவும் தடவக்கூடாது, கொப்புளத்தை உடைக்கவே கூடாது. உடைந்துவிட்டால் அங்கே தூசு போய்ச் சீழ் வைக்கும், எனக்கு அப்படித்தான் ஆனது. கால் வீங்கி ஒரு ராத்திரி காய்ச்சல். மருந்து, கட்டு, டாக்டர் என்று நாலாயிரத்துக்கு மேல் போனது. வண்டி ஓட்ட முடியாததால் ஆட்டோ, அது தனியாக மூவாயிரம்.

அதற்குப் பிறகு கற்றுக்கொண்டது: காலை பத்து மணிக்குள் வெளி வேலையை முடித்துவிட வேண்டும், இல்லையென்றால் சாயங்காலம் ஐந்துக்கு மேல்தான். இடையில் போயே ஆக வேண்டுமென்றால் சாலை ஓரத்து வெள்ளைக் கோட்டின் மேல் நடங்கள். வெள்ளை பெயின்ட் தார் அளவுக்குச் சூடு வாங்காது, ஒரு காலை கோட்டிலும் ஒரு காலை தாரிலும் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் உடனே தெரியும். பாதயாத்திரைக்காரர்கள் வரிசையாக அந்தக் கோட்டிலேயே போவதைப் பல தடவை பார்த்திருந்தும், ஏன் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. மண் ஓரம் குளிர்ச்சியாக இருக்கும் என்று இறங்காதீர்கள், கருவேல முள்ளும் உடைந்த பாட்டிலும் அங்கேதான். டவுன் பஸ்ஸில் இரும்புப் படி கொதிக்கும், உள்ளே கூட்டத்தில் ஷூ போட்டவர்கள் மிதிப்பார்கள், அதனால் முதல் சீட்டுப் பக்கம் ஒதுங்கி நிற்பது நல்லது.

தொடங்குவதற்கு முன்னால் டெட்டனஸ் வராமல் தடுக்கிற டிடி ஊசி ஒன்று போட்டுக்கொள்ளுங்கள், போட்டுப் பத்து வருஷம் ஆகியிருந்தால் கண்டிப்பாக. சர்க்கரை இருக்கிறவர்கள் தயவுசெய்து இந்த வேண்டுதலையே எடுக்காதீர்கள். அவர்களுக்குக் காலில் உணர்ச்சி குறைந்திருக்கலாம், சுடுவதும் குத்துவதும் தெரியாமல் போகலாம், புண் சீக்கிரம் ஆறாது, விரலை எடுக்கிற நிலைக்குக்கூடப் போகலாம். ஏற்கெனவே வேண்டிக்கொண்டுவிட்டால் மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்து, வேறு காணிக்கையாகச் செலுத்துகிற வழக்கம் நம்மிடம் இருக்கிறது. வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள், மாற்று வழி சொல்லாத பெரியவரை நான் பார்த்ததில்லை. எல்லாரும் ராத்திரி படுக்கும் முன் வெந்நீரில் காலைக் கழுவி, துடைத்து, போனில் பாதத்தைப் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். குனிந்து பார்த்தால் தெரியாத கண்ணாடித் துணுக்கு அதில் தெரியும். அப்புறம் வாஸ்லினோ தேங்காய் எண்ணெயோ தடவிப் படுங்கள். எண்ணெய்க் காலோடு டைல்ஸில் மட்டும் நடக்காதீர்கள்.

பெண்களுக்கு ஒரு விஷயம், யாரும் வெளியே சொல்வதில்லை. பாத்ரூம். பஸ் ஸ்டாண்டுக் கழிப்பறையில் வெறும் காலோடு போவதை நினைத்தே தண்ணீர் குடிக்காமல் இருந்து எனக்கு நீர்க்கடுப்பு வந்துவிட்டது. அழுகையோடு அம்மாவிடம் சொன்னேன். "அங்க போறதுக்கு ரப்பர் செருப்பு போட்டுக்க, ஆத்தாளும் பொம்பளைதானே, கோவிச்சுக்க மாட்டா" என்றாள். அதற்குப் பிறகு ஒரு ஜோடி ரப்பர் செருப்பைப் பையில் போட்டு எடுத்துப் போனேன், கழிப்பறைக்கு மட்டும். இதில் மன உறுத்தல் வேண்டாம், உடம்பைக் கெடுத்துக்கொள்வது விரதம் இல்லை.

இதெல்லாம் காலுக்கு வந்த கஷ்டம். மனசுக்கு வந்தது வேறு. ஸ்கூல் பேரன்ட்ஸ் மீட்டிங் அன்று மகள் கேட் பக்கத்திலேயே என் கையைப் பிடித்து நிறுத்தி, "அம்மா, நீ இங்கயே நில்லேன், மிஸ்ஸை நான் கூட்டிட்டு வர்றேன்" என்றாள். அவள் கண் என் காலைத்தான் பார்த்தது. உள்ளே மற்ற அம்மாக்கள் எல்லாம் ஹீல்ஸ். கோபம் வரவில்லை, நெஞ்சு அடைத்துக்கொண்டது. வீட்டுக்கு வந்து மாமா ஐசியூவில் இருந்ததையும் நான் என்ன வேண்டினேன் என்பதையும் முழுசாக அவளிடம் சொன்னேன். பிள்ளைகளிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவர்கள்தான் வகுப்பில் பதில் சொல்ல வேண்டியவர்கள். தெரியாத கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிவரும்போதுதான் அவர்களுக்கு வெட்கம் வருகிறது.

அப்பாவுக்கு நான் சொல்லவில்லை, அவரே ஒரு நாள் வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டார். கொப்புளம் உடைந்து நான் கட்டோடு இருந்த நேரம். "எதுக்கு இது?" என்றார். சொன்னேன். தம்பிக்காக என்றதும் இளகுவார் என்று நினைத்தேன், அவர் முகம் இறுகிப்போனது. எங்கள் ஊரில் அவர் சிறுவனாக இருந்தபோது எங்கள் தெரு ஆட்கள் மேலத்தெரு முனைக்கு வந்ததும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். அந்தத் தெருவைத் தாண்டிய பிறகுதான் திரும்பப் போடலாம். ஆகவே பெரும்பாலானவர்கள் செருப்பு வாங்குவதே இல்லை, வாங்கித் தூக்கிக்கொண்டு நடப்பதற்கு வாங்காமலே இருக்கலாம் என்று. அப்பா தபால் துறையில் சேர்ந்து முதல் சம்பளத்தில் தாத்தாவுக்கு ஒரு ஜோடி தோல் செருப்பு வாங்கிக் கொடுத்தார். தாத்தா அதை ஒரு பழைய வேட்டித் துணியில் சுற்றிப் பரணில் வைத்திருந்தார், டவுனுக்குப் போகும்போது மட்டும் துணியோடு எடுத்துப் போய் பஸ் ஏறியதும் போட்டுக்கொள்வார். அவர் இறந்தபோது அதன் அடிப்பாகம் தேயவே இல்லை. இது எனக்கு முன்பே தெரிந்த கதைதான். ஆனால் என் காலைப் பார்த்துக்கொண்டு அப்பா சொன்னபோது வேறு மாதிரி கேட்டது. "உன் காலு வெறுங்காலா தெருவுல நிக்கக்கூடாதுன்னுதான் நான் படிச்சேன் பாப்பா" என்றார். எழுந்து போய்விட்டார். அதற்குப் பிறகு ரொம்ப நாள் போன் எடுக்கவில்லை.

பழைய கதை என்று யாராவது நினைத்தால் சட்டத்தைப் பாருங்கள். எஸ்சி எஸ்டி வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 2015இல் ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள், 2016 ஜனவரி 26இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. எங்கள் மக்கள் பொது இடத்தில் செருப்பு போடுவதையோ புதுத்துணி உடுத்துவதையோ சைக்கிள், மோட்டார் சைக்கிளில் போவதையோ தடுத்தால் குற்றம் என்று அதில் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. நடக்காத ஒன்றுக்கு யாரும் சட்டத்தில் வரி எழுதுவதில்லை.

அப்பாவைச் சமாதானப்படுத்த நானும் பார்த்தேன். 2021 நவம்பரில், கர்நாடகத்தில் மரம் நட்டு வளர்த்த துளசி கௌடா அம்மா குடியரசுத் தலைவர் மாளிகையில் வெறும் காலோடு போய் பத்மஸ்ரீ வாங்கிய படத்தை அனுப்பி, நாடே கும்பிட்டது பாருங்கள் என்று எழுதினேன். "அந்தம்மாவை யாரும் கழட்டச் சொல்லலை" என்று ஒரே வரி பதில். ஓவியர் எம்.எஃப். உசேன் பல வருஷம் வெறும் காலோடு நடந்தவர். அவ்வளவு பெரிய மனிதரையே மும்பை வில்லிங்டன் கிளப்பில் செருப்பில்லை என்று வெளியே அனுப்பினார்கள். அதையும் எழுதினேன். அதற்குப் பதிலே இல்லை. பிறகு யோசித்தபோது அப்பா சொன்னதுதான் சரி என்று பட்டது. கொடைக்கானல் மலையில் வெள்ளகவி என்று ஓர் ஊர் இருக்கிறது, ஊருக்குள் யாருமே செருப்பு போடமாட்டார்கள், வெளியாளும் கழற்றிவிட்டுத்தான் நுழைய வேண்டும். அங்கே யாருக்கும் அவமானம் இல்லை. கோயிலிலும் இல்லை, தர்காவிலும் இல்லை. எல்லாரும் கழற்றும்போது ஒன்றும் ஆவதில்லை. நான் விரும்பிக் கழற்றினாலும் ஒன்றும் ஆவதில்லை. நீ மட்டும் கழற்று என்று ஒருத்தன் சொல்கிறபோதுதான் அது அடியாக விழுகிறது. அப்பாவுக்கு என் காலைப் பார்த்தால் அந்த மூன்றாவதுதான் தெரியும். அவரிடம் வாதாடி என்ன செய்வது?

நடுவில் பேங்க் வேலை இருந்தது, தம்பியின் இன்சூரன்ஸ் செக் விஷயம். முதல் தடவை போனபோது நான் சாதாரணக் காட்டன் சுடிதாரில் இருந்தேன், அலைந்து கசங்கியிருந்தது. வாசலில் செக்யூரிட்டி கை நீட்டித் தடுத்து, "என்னம்மா, யாரைப் பார்க்கணும்? இங்க உட்காரக்கூடாது" என்றார். செக்கைக் காட்டிய பிறகுதான் வழி விட்டார், உள்ளே போன பிறகும் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். அம்மாவிடம் சொன்னபோது, "கையில காப்பு கட்டிக்க, மஞ்சப் புடவை உடுத்திக்க, அப்பதானே தெரியும்" என்றாள். அடுத்த முறை மஞ்சள் புடவை, கையில் மஞ்சள் கயிறு, நெற்றியில் குங்குமம். அதே செக்யூரிட்டி எழுந்து நின்று, "வாங்கம்மா, சமயபுரமா? இருங்க, டோக்கன் நான் எடுத்துத் தர்றேன்" என்றார். அதே கால், அதே புழுதி.

நடைமுறைக்கு இது பெரிய உதவி, சந்தேகமே இல்லை. முதல் நாளிலிருந்தே காப்பு கட்டி மஞ்சள் உடுத்தியிருந்தால் ஆபீசில்கூட பாதிப் பேச்சு வந்திருக்காது. யார் இந்த வேண்டுதல் எடுத்தாலும் அடையாளத்தோடு தொடங்குங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் அன்றைக்கு நான் டோக்கனோடு உள்ளே போகும்போது, குப்பை பொறுக்கும் அம்மா ஒருத்தர் சாக்கு மூட்டையோடு ஏடிஎம் வாசல் நிழலில் ஒதுங்கினார், அவருக்கும் செருப்பு இல்லை. அவரை செக்யூரிட்டி விரட்டினார். "அந்த அம்மா நிழல்லதானே நிக்கிறாங்க, விடுங்கண்ணே" என்றேன். மஞ்சள் புடவைக்காக விட்டார். எனக்கு முடிகிற தேதி ஒன்று இருந்தது, தேர் முடிந்தால் என் கால் செருப்புக்குள் போய்விடும். அந்த அம்மாவுக்கு என்ன தேதி? சித்திரை வெயிலில் உங்கள் வீட்டு வாசலில் வெறும் காலோடு யாராவது வந்து நின்றால் ஏன் என்று கேட்காதீர்கள், நிழலில் நிற்கச் சொல்லுங்கள், வீட்டில் நல்ல செருப்பு இருந்தால் கொடுத்துவிடுங்கள். அந்தச் சூட்டைக் காலில் வாங்கிய பிறகு என்னால் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

அப்பா ஒரு நாள் தானாகவே வந்தார், புண்ணுக்குக் கட்டு மாற்ற என்னை கிளினிக்குக் கூட்டிப்போக. வாசலில் "காலணிகளை வெளியே விடவும்" என்று போர்டு. ஷூ, செருப்பு, ஹீல்ஸ் எல்லாம் குவிந்து கிடந்தன. உள்ளே கார் சாவியைக் கையில் வைத்திருந்தவர்களும் வெறும் காலோடுதான் உட்கார்ந்திருந்தார்கள், அத்தனை வாரத்தில் என் காலை யாரும் திரும்பிப் பார்க்காத இடம் அதுதான். அப்பா போர்டைப் படித்துவிட்டுத் தன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. நடைபயணத்துக்கும் வரவில்லை, வரமாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டார், நானும் வற்புறுத்தவில்லை. வீட்டில் யாராவது உங்கள் வேண்டுதலை ஏற்கவில்லை என்றால் பக்தியில்லாதவர் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அவர் காலுக்கு என்ன நடந்தது என்று கேட்டுப் பாருங்கள்.

தேருக்கு முந்தின ராத்திரி சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து கிளம்பினேன், காவிரிப் பாலம், திருவானைக்காவல், கொள்ளிடப் பாலம், நம்பர் ஒன் டோல்கேட், சமயபுரம். ராத்திரி நடையே நல்லது, தரை ஆறியிருக்கும். சட்டைப்பையில் ஒரு டார்ச், பையில் கட்டுப் போடும் துணி, பிளாஸ்டர், தண்ணீர், உப்பு சர்க்கரைக் கரைசல் போதும். புதுக் கொலுசு, மெட்டி எதுவும் வேண்டாம், வீங்கினால் அறுக்கும். வழியெல்லாம் நீர்மோர்ப் பந்தல், குடத்தில் வேப்பிலை போட்டு மஞ்சள் தண்ணீர் வைத்துக்கொண்டு நடக்கிறவர்கள் காலில் ஊற்றுகிறார்கள். யாரென்றே தெரியாத ஒரு பாட்டி குனிந்து என் கட்டு போட்ட காலைத் தவிர்த்து மற்ற காலில் மட்டும் பார்த்து ஊற்றினாள். அங்கே எங்கே பார்த்தாலும் வெறும் கால்தான், என் கால் எங்கே முடிந்து அடுத்தவர் கால் எங்கே தொடங்குகிறது என்றே தெரியாத கூட்டம். ஐசியூ வாசலுக்குப் பிறகு அன்றைக்குத்தான் முழுசாக அழுதேன். விடியும் முன் மாவிளக்கு போட்டேன். தம்பி பஸ்ஸில் வந்து சேர்ந்தான்.

முடிந்த பிறகும் சில விஷயம் இருக்கிறது. பழைய செருப்பு உடனே சேராது, பாதம் கொஞ்சம் அகன்று, தோல் தடித்திருக்கும், வார் கடிக்கும். ஒரு சுற்று தளர்வாகப் புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள். விரல் இடுக்கில் அரிப்போ, கொஞ்ச நாள் கழித்துக் காரணமில்லாத சோர்வோ வந்தால் டாக்டரிடம் வெறும் காலோடு நடந்ததைச் சொல்லுங்கள். கொக்கிப்புழு பெரும்பாலும் மண்ணிலிருந்து பாதத் தோல் வழியாகத்தான் உடம்புக்குள் போகிறது, ஆட்களுக்கு ரத்தசோகை வரக் காரணமாகிறது, மாத்திரையில் சரியாகிவிடும். பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன்: சம்பளப் பிடித்தம், வைத்தியம், ஆட்டோ எல்லாம் சேர்த்துப் பதின்மூவாயிரத்துக்குப் பக்கத்தில். ஊசியும் முன்கூட்டியே ஒரு கடிதமும் ஒரு மஞ்சள் கயிறும் இருந்திருந்தால் இதில் பெரும்பகுதி போயிருக்காது.

இந்த வருஷம் எங்கள் ஆபீசில் இன்னொரு பெண் இதே வேண்டுதல் எடுத்திருக்கிறாள், குழந்தைக்காக. பூச்சொரிதலுக்கு முன்னாலேயே நானும் அவளும் சேர்ந்து போய் எச்.ஆரிடம் உட்கார்ந்தோம். மாலை போடுகிறவர்களுக்கு உள்ள நடைமுறை எல்லா வேண்டுதலுக்கும் பொருந்தும், கிளையன்ட் வந்தாலும் லீவில் போகச் சொல்லக்கூடாது என்று மெயிலில் எழுதி வாங்கிவிட்டோம். நாங்கள் எழுதிக் கொடுத்த கடிதத்தின் வாசகம் என்னிடம் இருக்கிறது, தேவைப்படுகிறவர்கள் கேளுங்கள், பெயரையும் தேதியையும் மாற்றி அப்படியே கொடுத்துவிடலாம்.